5.9 லிட்டர் இன்ஜினில் 180 குதிரைத்திறன்தானா? மாட்யூல் 2, மாட்யூல் 16 சந்தேகங்கள்

சிலிண்டர்_சீனு

எல்லோருக்கும் வணக்கம். ஏஎம்இ (விமானப் பராமரிப்புப் பொறியியல்) இரண்டாம் வருடம் படிக்கிறேன். மாட்யூல் 2 இயற்பியல் முடிந்தது, அடுத்து மாட்யூல் 16 பிஸ்டன் இன்ஜின். கல்லூரிப் பட்டறையில் ஸ்டாண்டில் ஏற்றி வைத்த லைகோமிங் ஓ-360 ஒன்று இருக்கிறது. 361 கன அங்குலம், அதாவது 5.9 லிட்டர். இவ்வளவு பெரிய இன்ஜின் 2700 ஆர்பிஎம்மில் தருவது 180 குதிரைத்திறன்.

என் மாமா வைத்திருக்கும் கார் ஒரு லிட்டர் டர்போ. அதுவே நூறு குதிரைக்கு மேல் இழுக்கிறது. ஆறு மடங்கு பெரிய இன்ஜினில் அதைப்போல இரண்டு மடங்குகூட வரவில்லையே, ஏன்? வகுப்பில் கேட்டேன், "பழைய டிசைன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

அப்புறம் இந்தப் பிளாங்க் ஃபார்முலா, அதாவது பி × எல் × ஏ × என் × கே என்று பெருக்கி இன்ஜின் திறனைக் கண்டுபிடிப்பது. மனப்பாடம் ஆகிவிட்டது, தேர்வில் போட்டுவிடுவேன். ஆனால் ஹேங்கரில் யாராவது அதை எடுத்துக் கணக்குப் போடுகிறார்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

ஆயில்_கறை

பழைய டிசைன்தான், அதில் என்ன சந்தேகம்? 1950-களில் வந்த இன்ஜின். இன்னமும் மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமல் ஸ்பார்க் தரும் கருவி), இன்னமும் கார்புரெட்டர், வால்வைத் தள்ள புஷ்ராட். நான் பத்து வருடம் கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவன். முதல் நாள் இன்ஜின் மூடியான கௌலிங்கைத் திறந்து பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது. சான்றிதழ் வாங்கும் செலவுக்குப் பயந்து யாரும் எதையும் மாற்றவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

பழைய_ஸ்பேனர்

ஆயில்_கறை தம்பி சொல்வதில் பாதி சரி. சான்றிதழ் செலவு நிஜம்தான். ஆனால் சீனு கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. பதில் அவர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிற பிளாங்க் ஃபார்முலாவிலேயே இருக்கிறது. போட்டுப் பார்க்கலாம்.

ஓ-360-க்கு போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 5.125 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 4.375 அங்குலம். பிஸ்டன் தலையின் பரப்பு 20.63 சதுர அங்குலம். இதுதான் ஏ. ஸ்ட்ரோக்கை அடியில் சொன்னால் 0.3646, அது எல். என் என்பது ஒரு சிலிண்டர் ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை வெடிக்கிறது என்பது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு, ஆகவே 2700-இல் பாதி, 1350. தேர்வில் பாதிப் பேர் இங்கேதான் 2700 என்று போட்டுவிட்டு இரண்டு மடங்கு விடையோடு வருவார்கள், கேள்வி எழுதியவரும் அந்த விடையை ஒரு ஆப்ஷனாக வைத்திருப்பார். கே என்பது சிலிண்டர் எண்ணிக்கை, 4. எல்லாவற்றையும் பெருக்கி 33,000-ஆல் வகுக்க வேண்டும்.

180 குதிரைத்திறன் வர வேண்டுமானால் பி எவ்வளவு? சுமார் 146 பிஎஸ்ஐ, சதுர அங்குலத்துக்கு 146 பவுண்டு அழுத்தம். ப்ராப்பெல்லரில் வந்து சேரும் திறனை வைத்துப் போட்டதால் இது பிரேக் மீன் எஃபெக்டிவ் பிரஷர். பவர் ஸ்ட்ரோக் முழுக்க ஒரே அழுத்தம் இருந்ததாகக் கற்பனை செய்தால் அது இவ்வளவு இருக்கும் என்று அர்த்தம். நிஜத்தில் உச்ச அழுத்தம் இதைப்போலப் பல மடங்கு எகிறி, பிஸ்டன் கீழே போகப் போகச் சரிந்துவிடும்.

இந்த 146-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டர்போ இல்லாத சாதாரணக் கார் இன்ஜினை எடுத்தால் அந்த எண் இதைவிடப் பெரிதாக உயர்ந்திருக்காது. லைகோமிங் மோசமான இன்ஜின் இல்லை, நிதானமாகச் சுற்றுகிற இன்ஜின். உங்கள் மாமா காருக்கு இரண்டு சலுகை: டர்போ காற்றை அமுக்கி உள்ளே அனுப்புகிறது, இன்ஜின் 5500, 6000 என்று சுற்றுகிறது.

சிலிண்டர்_சீனு

சரி சார், அப்படியானால் லைகோமிங்கையும் வேகமாகச் சுற்றவிட்டால் என்ன?

பழைய_ஸ்பேனர்

கிராங்க்‌ஷாஃப்ட்டில் நேரே ப்ராப்பெல்லரை மாட்டியிருக்கிறதே. செஸ்னா 172எஸ்-இல் இதே போர், இதே ஸ்ட்ரோக்கோடு ஐஓ-360 இருக்கிறது, ப்ராப் விட்டம் 76 அங்குலம். 2700-இல் சுற்றும்போது பிளேடு நுனி நொடிக்கு 273 மீட்டர் வேகத்தில் போகிறது. கடல் மட்டத்தில், 15 டிகிரியில் ஒலியின் வேகம் 340 மீட்டர். அதாவது விமானம் நின்ற இடத்தில் நிற்கும்போதே நுனி ஒலி வேகத்தில் 80 சதவீதத்தைத் தொட்டாகிவிட்டது. பறக்கும்போது முன்னோக்கிய வேகமும் சேரும். இதற்கு மேல் ஏற்றினால் நுனியில் அதிர்வலை உண்டாகி, சத்தம் கூடும், உந்துவிசை குறையும். இன்ஜின் தாங்கினாலும் ப்ராப் ஒத்துக்கொள்ளாது.

இயற்பியல்_வாத்தியார்

ஸ்பேனர் ஐயா சொன்னதை ஒட்டி ஒன்று. "லைகோமிங்கை வேகமாகச் சுற்றினால்" என்ற கேள்விக்கு ஏற்கெனவே ஒருவர் பதில் செய்து விற்றுக்கொண்டிருக்கிறார். அதுதான் ரோட்டக்ஸ் 912 யுஎல்எஸ். 1352 சிசி, 5800 ஆர்பிஎம், 100 குதிரைத்திறன். இடையில் 2.43-க்கு 1 என்ற கியர்பாக்ஸ் இருப்பதால் ப்ராப்புக்குப் போவது சுமார் 2390 ஆர்பிஎம்தான்.

லிட்டருக்கு எவ்வளவு என்று பாருங்கள். லைகோமிங் 30 குதிரை, ரோட்டக்ஸ் 74. ரோட்டக்ஸ் ஏதோ மந்திரம் செய்வதுபோலத் தோன்றும். ஆனால் பி-ஐக் கணக்கிட்டால் 165 பிஎஸ்ஐ வருகிறது. 146-க்கும் 165-க்கும் வித்தியாசம் 13 சதவீதம். மீதி முழுக்க ஆர்பிஎம். 5800-ஐ 2700-ஆல் வகுத்தால் 2.15, அதை 1.13-ஆல் பெருக்கினால் 2.43, லிட்டர் கணக்கில் வந்த அதே விகிதம். கியர் விகிதமும் 2.43-ஆக இருப்பது தற்செயல், அதற்கு அர்த்தம் தேட வேண்டாம்.

திறன் என்பது முறுக்குவிசையைச் சுழல் வேகத்தால் பெருக்கியது. மாட்யூல் 2-இல் ஒரு வரியாகப் படித்தது. அடி-பவுண்டு கணக்கில் 5252-ஆல் வகுக்க வேண்டும். லைகோமிங்கின் முறுக்குவிசை 350 அடி-பவுண்டு வரும். மாமா காரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆயில்_கறை

ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் முழுசாக இல்லை. கியர்பாக்ஸ் போட்டு, லிக்விட் கூலிங் போட்டு ரோட்டக்ஸ்காரன் செய்ததை இவர்களும் செய்திருக்கலாமே?

பழைய_ஸ்பேனர்

செய்தார்கள் தம்பி. லைகோமிங்கும் கான்டினென்டலும் கியர் வைத்த இன்ஜின் தயாரித்தார்கள், பெயருக்கு முன்னால் ஜி எழுத்து இருக்கும். பைலட் த்ராட்டிலைச் சட்டென்று மூடினால் ப்ராப் இன்ஜினைத் திருப்பித் தள்ளும், கியர் பற்கள் அடி வாங்கும். ஓவர்ஹால் பில் வந்ததும் ஓனர்கள் அலறுவார்கள். டைரக்ட் டிரைவ் நிலைத்து நின்றதற்குச் சான்றிதழ் செலவு மட்டும் காரணம் இல்லை. கார் வாழ்நாளில் பெரும்பகுதி கால்வாசித் திறனில் ஓடுகிறது. விமான இன்ஜின் டேக்-ஆஃபில் முழுத் திறன், அப்புறம் மணிக்கணக்கில் 65, 75 சதவீதம்.

ஜக்கூர்_காற்று

இங்கே பெங்களூரிலிருந்து ஒரு சேர்க்கை. 180 குதிரை என்று எல்லோரும் பேசுகிறீர்கள், எங்களுக்கு அது ஒருநாளும் கிடைப்பதில்லை. ஜக்கூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3000 அடி உயரம். மேனிஃபோல்டு பிரஷர் கேஜ் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டுவது) உள்ள விமானத்தில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் கேஜைப் பாருங்கள், 27 அங்குலத்தை ஒட்டிக் காட்டும். சென்னையில் 30-ஐ ஒட்டி இருக்கும். இன்ஜின் நிற்கும்போது அது வெறும் காற்றழுத்தமானி. அந்த எண் ஊருக்குப் பொருந்தவில்லையென்றால் முதலில் கேஜைச் சந்தேகப்படுங்கள், இன்ஜினை அல்ல.

ஏப்ரல் மதியம் 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 3000 அடியில் ஸ்டாண்டர்ட் வெப்பநிலை 9 டிகிரி. 26 டிகிரி அதிகம். டிகிரிக்கு 120 அடி என்ற தோராயக் கணக்கில் 3100 அடி சேர்கிறது. டென்சிட்டி ஆல்டிடியூட், அதாவது காற்றின் அடர்த்திக்கு ஈடான உயரம், 6100 அடி. ஓடுதளத்தில் நின்றபடியே இன்ஜின் தன்னை 6100 அடியில் இருப்பதாக நினைக்கிறது. திறனில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், 180 இருந்த இடத்தில் 145 சொச்சம்.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. கோடையில் "இன்ஜின் பவர் இல்லை" என்று ஸ்னாக் (கோளாறுக் குறிப்பு) எழுதி வருவார்கள். ஃபுல் த்ராட்டில் ஸ்டாடிக் ஆர்பிஎம் (விமானம் நிற்கும்போது வரும் ஆர்பிஎம்) பார்க்கும்போது அன்றைய வெப்பநிலை, அழுத்தம், மிக்ஸ்சர் லீன் செய்யப்பட்டதா (கலவையில் பெட்ரோல் குறைக்கப்பட்டதா) என்று பார்க்காமல் கார்புரெட்டரைக் கழற்றினால் ஒரு நாள் வீண். உயரத்தில் மிக்ஸ்சரை முழு ரிச்சில் வைத்தாலும் ஆர்பிஎம் குறையும். காற்று மெலிந்துவிட்டது, பெட்ரோல் அதே அளவு வருகிறது.

சிலிண்டர்_சீனு

இது எந்தப் புத்தகத்திலும் இப்படி எழுதவில்லை! கேஜ் காற்றழுத்தமானி என்பதை நாளைக்கே போய்ப் பார்க்கிறேன்.

அடுத்த சந்தேகம். வரும் வாரம் கம்ப்ரஷன் டெஸ்ட் செயல்முறை வகுப்பு. சிலிண்டருக்குள் 80 பிஎஸ்ஐ காற்று கொடுத்து இன்னொரு கேஜில் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது தெரியும். எங்கள் லேப் அண்ணன், "ப்ராப்பை இரண்டு பேர் பிடிக்கணும், விட்டால் தலை போய்விடும்" என்று பயமுறுத்துகிறார். டயருக்கு அடிக்கும் காற்றைவிடக் கொஞ்சம்தானே அதிகம்? மிகைப்படுத்துகிறாரா?

மேக்னெட்டோ_மீனா

உங்கள் லேப் அண்ணன் மிகைப்படுத்தவில்லை. இதை நீங்களே கண்டுபிடித்திருக்க வேண்டும், ஸ்பேனர் சார் மேலே பரப்பளவைக் கொடுத்துவிட்டார்.

விசை = அழுத்தம் × பரப்பு. 80 பிஎஸ்ஐயை 20.63 சதுர அங்குலத்தால் பெருக்குங்கள். 1650 பவுண்டு. கிலோவில் 750. ஒரு எருமை மாடு பிஸ்டன் தலையில் ஏறி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரில் இருப்பதும் அழுத்தம்தான், ஆனால் அங்கே நகரக்கூடிய பிஸ்டன் கிடையாது.

சரி, 750 கிலோ அழுத்தியும் ப்ராப் ஏன் சுற்றுவதில்லை? டாப் டெட் சென்டரில், அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது, பிஸ்டன் பின், கிராங்க் பின், கிராங்க்‌ஷாஃப்ட்டின் மையம் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. விசை நேராக மையத்தின் வழியே போகிறது. நெம்புகோல் நீளம் பூஜ்யம், முறுக்குவிசையும் பூஜ்யம். மாட்யூல் 2-இல் "மொமென்ட்" என்று படித்தது இதுதான்.

இப்போது 10 டிகிரி மட்டும் விலகட்டும். கிராங்க் ஆரம் ஸ்ட்ரோக்கில் பாதி, 2.19 அங்குலம். சைன் 10 டிகிரி 0.17. பெருக்கினால் 50 அடி-பவுண்டுக்கு மேல் முறுக்குவிசை. கனெக்டிங் ராடின் சாய்வையும் சேர்த்தால் இன்னும் கூடும். பிளேடு நுனியைப் பிடித்திருப்பவர் கையில் எட்டு, பத்து கிலோ தள்ளல். "இவ்வளவுதானா, பிடித்துவிடலாம்" என்று தோன்றும், அங்கேதான் ஆபத்து. கை சற்று நழுவி 30 டிகிரிக்குப் போனால் நெம்புகோல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆரிஃபிஸ் என்ற சிறு துளை வழியாகத்தான் காற்று வருவதால் அழுத்தம் கொஞ்சம் இறங்கும், ஆனால் உங்களைக் காப்பாற்றும் அளவுக்கு இறங்காது. விலக விலக அதிகமாகத் தள்ளுகிற பொருளைக் கையால் நிறுத்த முடியாது.

செய்யும் முறை: முதலில் 20 பிஎஸ்ஐக்கு மேல் கொடுக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் ப்ராப்பை மெதுவாகச் சுழலும் திசையிலேயே கொண்டுவந்து டெட் சென்டரைக் கண்டுபிடியுங்கள், ப்ராப் எந்தப் பக்கமும் தள்ளாத இடம் அது. தாண்டிவிட்டால் சும்மா அரை அங்குலம் பின்னால் இழுக்க வேண்டாம். நன்றாகப் பின்னால் கொண்டுபோய் மறுபடி முன்னோக்கியே வாருங்கள், ரிங்குகள் சரியான பக்கம் அமர வேண்டும். அப்புறம்தான் 80. ப்ராப்பைப் பிடிப்பவர் பிளேடின் வழியில் நிற்கக்கூடாது, பக்கத்தில் நின்று கையை நீட்ட வேண்டும். மேக்னெட்டோ ஸ்விட்ச் ஆஃப், பி-லீட் (மேக்னெட்டோவை நிறுத்தும் கம்பி) இணைப்பு சரியா என்பதையும் அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

பழைய_ஸ்பேனர்

மீனா எழுதியதைப் பிரிண்ட் எடுத்து ஹேங்கர் சுவரில் ஒட்டலாம். ஒன்றே ஒன்று: இன்ஜின் சூடாக இருக்கும்போதே டெஸ்ட் செய்யுங்கள். ஆறிய இன்ஜினில் வரும் ரீடிங்கை வைத்து ஒரு சிலிண்டரைக் கழற்றச் சொல்பவரிடம் எனக்கு மரியாதை இல்லை.

ஆயில்_கறை

நான் பார்த்த ஒரு 172-இல் மூன்றாம் சிலிண்டர் 72/80 வந்தது. அதாவது 10 சதவீதம் கசிவு, 10 சதவீதம் பவர் போச்சு. ஓனரிடம் சொன்னால் "பாஸ் ஆகிவிட்டதே" என்கிறார். 10 சதவீதம் குறைந்த சிலிண்டரை வைத்துப் பறப்பது எப்படி நியாயம்?

இயற்பியல்_வாத்தியார்

அது 10 சதவீதத் திறன் இழப்பு இல்லை ஐயா. இந்தக் குழப்பம் பலருக்கும் இருப்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

டெஸ்டில் என்ன நடக்கிறது? ஒரு சின்ன ஆரிஃபிஸ் வழியாகக் காற்று இடைவிடாமல் உள்ளே வருகிறது, ரிங், வால்வு வழியாக இடைவிடாமல் வெளியே போகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் கேஜ் முள் நிற்கிறது. 72 என்பது அந்தச் சமநிலை. பிஸ்டன் அசையாமல் நிற்கிறது, கசிய வேண்டிய காற்றுக்கு உலகத்து நேரமெல்லாம் இருக்கிறது.

இன்ஜின் 2700-இல் ஓடும்போது ஒரு ஸ்ட்ரோக்குக்கு எவ்வளவு நேரம்? ஒரு நொடிக்கு 45 சுற்று, ஒரு சுற்றுக்கு 22 மில்லி நொடி, ஒரு ஸ்ட்ரோக்குக்கு 11 மில்லி நொடி. அந்த நேரத்தில் 72/80 அளவுக்கான இடைவெளி வழியே வெளியேறும் வாயு சொற்பம். ஆகவே 72-க்கும் 78-க்கும் திறனில் வித்தியாசம் பைலட்டுக்குத் தெரியாது.

மேக்னெட்டோ_மீனா

ஆமாம், எண்ணைவிட எங்கே கசிகிறது என்பதுதான் கேள்வி. காதை வைத்துக் கேளுங்கள். ஆயில் ஃபில்லரில் உஸ் என்றால் ரிங். காற்று உள்ளே போகும் பக்கம் சத்தம் வந்தால் இன்டேக் வால்வு. எக்ஸாஸ்ட் பைப்பில் சத்தம் என்றால் எனக்குத் தூக்கம் போய்விடும். ரிங் வழிக் கசிவு மெதுவாக வளரும். எக்ஸாஸ்ட் வால்வு ஓரத்தில் எரிய ஆரம்பித்தால் அது தன்னைத்தானே பெரிதாக்கிக்கொள்ளும், சூடான வாயு அந்த ஓட்டை வழியாகவே பீறிட்டுப் போவதால். என்னைப் பொறுத்தவரை ஆயில் ஃபில்லரில் மட்டும் சத்தம் வரும் 68, எக்ஸாஸ்டில் சத்தம் வரும் 72-ஐவிட நல்ல சிலிண்டர். போரோஸ்கோப் (சிலிண்டருக்குள் பார்க்கும் கருவி) விட்டு வால்வு முகத்தைப் பாருங்கள். நிறம் வட்டமாக, ஒரே சீராக இருந்தால் நிம்மதி. ஒரு பக்கம் மட்டும் பிறைபோல நிறம் மாறியிருந்தால் அந்தச் சிலிண்டர் இறங்க வேண்டியதுதான்.

லைகோமிங்கில் 60-க்குக் கீழே போனாலோ சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 15 பிஎஸ்ஐக்கு மேல் போனாலோ அடுத்த கட்டம். கான்டினென்டலில் நிலையான எண் கிடையாது, மாஸ்டர் ஆரிஃபிஸை (ஒப்பிட்டுப் பார்க்க, அளவு நிர்ணயித்த துளை) மாட்டி உங்கள் டெஸ்டரில் அன்றைய எல்லையை முதலில் கண்டுபிடிக்க வேண்டும், அது நாற்பதுகளில்கூட வரும். ஆயில்_கறை அண்ணே, அதைப் பார்த்தால் நீங்கள் மயங்கி விழுவீர்கள்.

ஆயில்_கறை

நாற்பதுகளில் பாஸா! சரி, 11 மில்லி நொடிக் கணக்கு எனக்குப் புதிது. அந்த 172-இல் சத்தம் ஃபில்லரில்தான் வந்தது.

சிலிண்டர்_சீனு

மேக்னெட்டோ செக் பற்றி ஒரு கேள்வி இடையில். ஒரு மேக்னெட்டோவை ஆஃப் செய்தால் ஆர்பிஎம் விழுகிறது, 172எஸ்-இல் 1800-இல் வைத்துப் பார்க்கும்போது 150-க்கு மேல் விழக்கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-க்கு மேல் போகக்கூடாது. மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் ஒரு ஸ்பார்க் ப்ளக் வேலை செய்தாலும் பெட்ரோல் முழுக்க எரியத்தானே போகிறது? ஏன் விழ வேண்டும்? விழவே இல்லையென்றால் ரொம்ப நல்ல இன்ஜின்தானே?

மேக்னெட்டோ_மீனா

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அது அவசரம். விழவே இல்லையென்றால் நல்ல இன்ஜின் இல்லை, ஆபத்தான இன்ஜினாக இருக்கலாம். ஸ்விட்ச் மேக்னெட்டோவை எப்படி நிறுத்துகிறது? பி-லீட் கம்பி வழியாக பிரைமரியை எர்த் செய்துதான். அந்தக் கம்பி அறுந்திருந்தால் ஸ்விட்ச் ஆஃபில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். பேட்டரி தேவையில்லை. ஹேங்கரில் யாராவது ப்ராப்பைக் கையால் திருப்பினாலே வெடிக்கலாம். ஆகவே டிராப் இல்லையென்றால் முதலில் பி-லீட், அப்புறம்தான் டைமிங்.

இப்போது முதல் கேள்வி. பெட்ரோல் எரிகிறது, ஆனால் நேரத்துக்கு எரிவதில்லை. 5 அங்குல போரில் தீ ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக வேண்டும். இரண்டு ப்ளக் இருந்தால் இரு பக்கமும் பற்றி நடுவில் சந்திக்கும். ஸ்பார்க் 25 டிகிரி முன்னால் அடிக்கிறது என்று வையுங்கள். சில இன்ஜினில் 20 டிகிரி, டேட்டா பிளேட் சொல்வதுதான் இறுதி. 2700-இல் 25 டிகிரி என்பது ஒன்றரை மில்லி நொடி. உச்ச அழுத்தம் பிஸ்டன் மேலே போய்த் திரும்பிய சற்று நேரத்தில் வர வேண்டும், அப்போதுதான் கிராங்கில் நெம்புகோல் கிடைக்கும். ஒரே ப்ளக் என்றால் உச்சம் தாமதமாகிறது, பிஸ்டன் அதற்குள் ஓடிப்போய்விடுகிறது. தாமதமாக எரிந்த சூடு எக்ஸாஸ்டுக்குப் போகும். மேக்னெட்டோ செக்கின்போது ஈஜிடி (எக்ஸாஸ்ட் வாயுவின் வெப்பநிலை) ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள், ஆர்பிஎம்மில் இழந்த பங்குதான் அங்கே தெரிகிறது.

இயற்பியல்_வாத்தியார்

சூடு என்றதும் ஞாபகம் வந்தது. மாட்யூல் 2-இல் கெல்வின் ஏன் என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். இன்ஜின்காரர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஓ-360-இன் கம்ப்ரஷன் விகிதம் 8.5. வெளி வெப்பம் உள்ளே போகாமல் அமுக்கினால் கெல்வின் வெப்பநிலை 8.5-இன் 0.4 அடுக்கு மடங்கு, அதாவது 2.35 மடங்கு ஆகும். 27 டிகிரி காற்று என்றால் 300 கெல்வின், அது 706 ஆகிறது, 433 டிகிரி செல்சியஸ். நிஜக் கலவையில் இதைவிடக் கொஞ்சம் குறையும், போக்கு இதுதான். இப்போது உள்ளே போகும் காற்று 47 டிகிரி என்று வையுங்கள். முடிவில் 480. நுழையும்போது 20 டிகிரி அதிகம், ஸ்பார்க் வரும் நேரத்தில் 47 டிகிரி அதிகம்.

முழுத் திறனில் கார்புரெட்டர் ஹீட் (கார்புரெட்டருக்குச் சூடான காற்று அனுப்புவது) போடாதே என்று சொல்வதன் காரணம் இங்கே இருக்கிறது. கடைசியில் எரியக் காத்திருக்கும் கலவை தீ வந்து சேரும் முன்பே தானாக வெடித்தால் டெட்டனேஷன். ஸ்பார்க்குக்கு முன்பே ஒரு சூடான கார்பன் துணுக்கு பற்றவைத்தால் அது ப்ரீ-இக்னிஷன். இரண்டும் வேறு, தேர்வில் மாற்றி எழுதாதீர்கள். ஒன்று மற்றொன்றை உண்டாக்கலாம் என்பதால்தான் குழப்பம்.

ஜக்கூர்_காற்று

கார்புரெட்டர் ஹீட் என்றால் பனி ஞாபகம் வர வேண்டும். "நம் ஊர் வெயிலில் பனியா" என்று சிரிப்பார்கள். வெஞ்சுரியில் அழுத்தம் குறைகிறது, பெட்ரோல் ஆவியாகிறது, இரண்டும் வெப்பத்தை உறிஞ்சுகின்றன. வெளியே 21 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாய்ப்பு அதிகம். 38 டிகிரியில்கூட வரலாம் என்று அமெரிக்க எஃப்ஏஏ கையேட்டிலேயே இருக்கிறது. மழைக்கால அதிகாலையில் ஐடிலில் வைத்து ரொம்ப நேரம் டாக்ஸி செய்துவிட்டு "இன்ஜின் ரஃப்" என்று எழுதி வந்தால், விமானம் உங்களிடம் வரும்போது ஆதாரம் உருகிப் போயிருக்கும். ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஹீட் வால்வு முழுசாகத் திறந்து மூடுகிறதா, குழாய் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் நம் வேலை.

சிலிண்டர்_சீனு

ஸ்பேனர் சார், டார்க் ரெஞ்ச் எக்ஸ்டென்ஷன் ஃபார்முலாவும் உங்கள் பாணியில் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். அப்புறம் தொந்தரவு செய்ய மாட்டேன்.

பழைய_ஸ்பேனர்

தொந்தரவு செய்யுங்கள், அதற்குத்தானே இருக்கிறோம்.

லைகோமிங் சிலிண்டர் அடி நட்டுக்கு நேரான சாக்கெட் போகாது, குளிர்விக்கும் ஃபின் தடுக்கும். வளைந்த ஸ்பெஷல் ரெஞ்சை டார்க் ரெஞ்ச் முனையில் மாட்டுவோம். அரை அங்குல நட்டுக்கு 50 அடி-பவுண்டு, 600 அங்குல-பவுண்டு. உங்கள் டார்க் ரெஞ்ச் கைப்பிடி மையத்திலிருந்து சதுர முனை வரை 15 அங்குலம், முனையிலிருந்து நட்டு வரை நேர்கோட்டில் 3 அங்குலம் நீள்கிறது என்றால், செட் செய்ய வேண்டியது 600 × 15 ÷ 18, அதாவது 500. 600-இலேயே விட்டால் நட்டுக்கு 720 போய்ச் சேரும். முனையை 90 டிகிரியில் திருப்பி மாட்டினால் நீளம் கூடாது, திருத்தமும் வேண்டாம்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்றை யாரும் கேட்பதில்லை. நீங்கள் கொடுக்கும் முறுக்குவிசையில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வில் போகிறது. போல்ட்டை இழுத்து நீட்டி இறுக்கிப் பிடிப்பது மீதி ஒரு பங்குதான். ஆகவே நூல் காய்ந்திருக்கிறதா, ஆயில் போட்டிருக்கிறதா என்பது மாறினாலே அதே கிளிக்கில் பிடிமானம் தலைகீழாக மாறும். மேனுவல் எந்த எண்ணெய் சொல்கிறதோ அது. சிலிண்டர் ஃபிளேஞ்சுக்கு அடியில் பெயின்ட் இருந்தால் அது ஓட்டத்தில் நசுங்கி மெலியும், ரெஞ்ச் பொய் சொல்லாமலேயே இறுக்கம் போய்விடும். பறந்துகொண்டிருக்கும்போது சிலிண்டர் கழன்ற இன்ஜின்களில் இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கிறது. அப்புறம், கிளிக் கேட்டதும் "நிச்சயத்துக்கு" இன்னொரு கிளிக் அடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

சிலிண்டர்_சீனு

எல்லோருக்கும் நன்றி. அடுத்த வாரம் டெஸ்ட் செய்யப்போவது ஓ-360 இல்லையாம், செஸ்னா 150-இல் இருக்கும் கான்டினென்டல் ஓ-200. நானே போட்டுப் பார்த்தேன். போர் 4.0625 அங்குலம், பரப்பு 12.96 சதுர அங்குலம். 80 பிஎஸ்ஐக்கு 1037 பவுண்டு, சுமார் 470 கிலோ. 100 குதிரை, 2750 ஆர்பிஎம், 201 கன அங்குலம் என்று போட்டால் பி 143 பிஎஸ்ஐ வருகிறது, லைகோமிங்கை ஒட்டியே. சரிதானா?

மேக்னெட்டோ_மீனா

சரிதான். மாஸ்டர் ஆரிஃபிஸை முதலில் கேட்டு வாங்குங்கள், லேபில் எங்கேயாவது பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். இன்னொன்று, ஓ-360-இல் முதலாம் சிலிண்டர் ப்ராப் பக்கம் வலதில் இருக்கும். கான்டினென்டலில் எண்ணிக்கை பின்னாலிருந்து ஆரம்பிக்கிறது, முதலாம் சிலிண்டர் பின்புறம் வலது. ஃபயரிங் ஆர்டர் இரண்டுக்கும் 1-3-2-4 என்பதால் பலர் ப்ராப் பக்கத்தையே ஒன்று என்று எழுதிவிட்டு, தவறான சிலிண்டருக்கு ரீடிங் பதிவு செய்வார்கள்.